ஸ்டேஜ் எங்கே முடிகிறது?

மாம்பலத்துக்காரன்:
சைதாப்பேட்டையில் நடந்தது, இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. சொகுசுப் பஸ். கட்டணத்துக்காக வழியைப் பிரித்த துண்டுதான் ஸ்டேஜ். எனக்கு முன்னால் இறங்கிய பெரியவரின் டிக்கெட்டைப் பரிசோதகர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்டேஜ் தாண்டி வந்திருக்கிறீர்கள், அபராதம் கட்டுங்கள்" என்றார். பெரியவர் கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. மருந்துப் பையைக் கை மாற்றிக்கொண்டு, "ஸ்டேஜ் எங்கே முடிகிறது என்று எங்கே எழுதியிருக்கிறது, தம்பி? காட்டுங்கள், கட்டிவிடுகிறேன்" என்றார். பரிசோதகர் நிழற்குடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான் இருந்தது. வழித்தடப் பலகையில் ஸ்டேஜுக்கு ஒரு கோடு போட என்ன கேடு?

அடையாறு அம்மா:
மகளைப் பார்க்க லண்டன் போனபோது ரயில் படத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தேன். வெள்ளையும் சாம்பலுமாகப் பட்டைகள். நடு ஊர் 1, வெளியே போகப் போக 9 வரை. 2009இல் படத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று தேம்ஸ் நதியோடு இந்தக் கட்டண மண்டலங்களையும் எடுத்தார்களாம். ஊரே கூச்சல் போட்டதில் சில மாதங்களிலேயே திரும்ப வந்தன. ஒரு நிலையத்தில் ரயில் மாறும்போது மாப்பிள்ளை, "அத்தை, கார்டை இந்த இளஞ்சிவப்புப் பெட்டியிலும் காட்டுங்கள்" என்றார். நடு மண்டலத்துக்குள் போகாமல் சுற்றி வந்தோம் என்பதற்கு அதுதான் சாட்சியாம். இல்லையென்றால் கூடுதலாகப் பிடித்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, லண்டனை இங்கே கொண்டுவராதீர்கள். நடுவிலிருந்து வட்டம் வட்டமாகக் கட்டணம் வைத்த ஊருக்குத்தான் பட்டை பொருந்தும். நம் மெட்ரோவில் தூரக் கணக்கு: 2 கிலோமீட்டர் வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. ஏறும் இடம் மாறினால் எல்லை மாறும். ஆலந்தூரில் ஏறுபவருக்கு ஒரு படம், வண்ணாரப்பேட்டையில் ஏறுபவருக்கு வேறு படம். பஸ்ஸிலோ சாதாரணம், விரைவு, சொகுசு என்று ஒரே ஸ்டேஜுக்கு மூன்று விலை. ஆகவே எல்லாருக்கும் ஒரே படம் என்பது வீண் வேலை. அந்தந்த நிலையத்தில் 'இங்கிருந்து' என்று தலைப்பிட்டு, கட்டண வாரியாக நிறம் தீட்டிய படம் வைக்க வேண்டும். கண் மட்டத்தில், கொட்டை எழுத்தில், தமிழ் மேலே. கட்டணம் மாறினால் மேலே ஒட்டாமல் பலகையையே மாற்ற வேண்டும். அதுவரை செயலியில் பார்த்துக்கொள்ளலாம், எல்லாரிடமும் போன் இருக்கிறது. என் அனுபவம் என்று தனியாக ஒன்றுமில்லை.

பெரம்பூர் வாசகி:
அனுபவம் இல்லாமலே இவ்வளவா! சென்ட்ரலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மின்சார ரயிலில் அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், அந்த டிக்கெட்டை மெட்ரோ கதவில் வைத்து வைத்துப் பார்த்தது. அப்பா தேய்க்கிறார், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது, சின்னப் பெண் கதவுக்கு அடியில் நுழைந்தே போய்விட்டாள். படத்தில் இரண்டு தடங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன. கட்டணம் புதிதாக ஆரம்பிக்கிறது என்று யார் சொன்னார்கள்? முதலில் அந்த இடத்தில் ஒரு குறி போடட்டும், நிறம் தீட்டுவதைப் பிறகு பார்க்கலாம். எல்லாரிடமும் போன் இருக்கிறதாம். என் மாமியாரிடம் இருப்பது பட்டன் போன், ஐயா.