சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார ஒரு இடம்: ஏஏ கூட்ட அனுபவங்கள்

பெயர் வேண்டாம், மதுரை

குடியை விடணும்னு யாராவது என்கிட்ட வந்தா, முதல்ல சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார ஒரு இடம் பாருங்கன்னுதான் சொல்வேன். காலையில நாம எல்லாருமே உத்தமனுங்க. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடுது. வேலை முடிஞ்சதுல இருந்து ஷட்டர் இறங்குற வரைக்கும்தான் நமக்குக் கண்டம். ஏஏன்னா ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா உட்கார்ந்து பேசி ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கிற குழு. எங்க பக்கம் ஏஏ கூட்டம் பெரும்பாலும் அந்த நேரத்துலதான் நடக்குது.

இடத்தைக் கண்டுபிடிக்கிறது லேசு இல்ல. வாசல்ல பெரிய போர்டு எல்லாம் இருக்காது. மறுவாழ்வு மையத்துல இருந்து வந்திருந்த ஒரு ஆட்டோக்காரர்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார். சர்ச் வளாகத்துல பின்பக்கம் ஒரு அறை. "மதம் மாத்திடுவாங்கடா"ன்னு எங்க அண்ணன் அடிச்சுச் சொன்னான். அங்க அந்தப் பேச்சே இல்ல. மாலையில சும்மா கிடக்கிற அறையைச் சர்ச்சும் பள்ளிக்கூடமும்தான் கொடுக்குது, அவ்வளவுதான்.

உள்ள பிளாஸ்டிக் சேர், டீ, பிஸ்கெட். ஒருத்தர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ம்பார். எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொல்வாங்க. அவர் பேசும்போது யாரும் குறுக்கிட மாட்டாங்க, முடிச்சதும் அறிவுரை சொல்ல மாட்டாங்க. வீட்டுல, ஆபீஸ்ல, கல்யாண மண்டபத்துலன்னு அறிவுரை கேட்டே காது புளிச்சவனுக்கு அந்த அமைதியை நம்பவே முடியல. பேச விருப்பம் இல்லையா, "கேட்க வந்திருக்கேன்"னு சொல்லிட்டு உட்கார்ந்துக்கலாம். ரிஜிஸ்டர் கிடையாது, கட்டணமும் கிடையாது. கடைசியில ஒரு பை சுத்தி வரும், இருக்கிறதைப் போடலாம், போடாமலும் விடலாம். குடியை நிறுத்தணும்ங்கிற ஆசைதான் சேர்றதுக்கு ஒரே தகுதி.

அந்த முதல் குழு எனக்கு ஒட்டல, அதையும் சொல்லிடறேன். ரிட்டயர் ஆன பெரிய அதிகாரிங்க, பாதிப் பேச்சு இங்கிலீஷ். நான் லாரி புக்கிங் ஆபீஸ்காரன். பக்கத்துல இன்னொரு குழுவுக்கு மாறிட்டேன், யாரும் கோவிச்சுக்கல. ஒரு கூட்டத்தைப் பார்த்துட்டு "ஏஏ நமக்குச் சரிப்படாது"ன்னு கிளம்புறவங்க நிறைய. இன்னும் ரெண்டு இடம் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கடவுள் நம்பிக்கை இல்லாதவங்க தயங்குவாங்க. குடியில இருந்து மீள ஏஏ சொல்ற வழிமுறையான 12 படிகள்ல கடவுள் வர்றார்தான், ஆனா அவரவர் புரிஞ்சுக்கிட்ட கடவுள். எங்க குழுவுல ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருக்கார். பிரார்த்தனை நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். "எனக்கு மேல இருக்கிற சக்தி இந்த ரூம்ல இருக்கிற சேருங்கதான்"பார்.

ஆனா என்னைக் காப்பாத்தினது கூட்டத்தை விட போன் நம்பர்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஸ்பான்சர், அதாவது நமக்கு முன்னாடியே விட்டவர். ஏஏ பிறந்ததே ஒரு போன்ல. 1935 மே மாசம் அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்து ஹோட்டல் ஒண்ணு. தொழில்ல அடி வாங்கிட்டு நின்ன பில்லுங்கிற பங்குச் சந்தைக்காரர், பார் பக்கம் போகாம போனை எடுத்தார். பேசுறதுக்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரான்னு பாதிரியார்கிட்ட விசாரிச்சார். அப்படிக் கிடைச்சவர் டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர். அவங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சதுதான் ஏஏ. என் ஸ்பான்சர் பெயிண்டர். "கடை வாசல்ல நிக்கிறேன்"னு கூப்பிட்டா, "சாப்பிட்டியா?"ன்னுதான் முதல்ல கேட்பார். பசியோட இருக்கும்போது வேட்கை அதிகம், அது அவருக்குத் தெரியும்.

குடும்பத் தலைவி, ஈரோடு

குடித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர். அவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்துவிட்டார். நான் ஆல்-அனான் போனேன். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் தொடங்கிவைத்தது அது. வீட்டில் குடிப்பவர் வரவில்லை என்றாலும் நாம் தனியாகப் போகலாம்.

"அவருக்குக் காய்ச்சல் சார்" என்று மில்லுக்குப் போன் செய்வதை அங்கே போன பிறகுதான் நிறுத்தினேன். மாமியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். ஆனால் நான் ராத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை, பிள்ளைகளோடு சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

திருச்சிக்காரன்

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறைய குடிக்கிறவங்க வீம்புக்கு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. 2020 ஊரடங்குல கடையெல்லாம் மூடினப்போ எங்க மச்சானுக்கு முதல்ல கைநடுக்கம், அப்புறம் ஃபிட்ஸ். அதுக்கடுத்த நாள் சுவத்துல பூச்சி ஊருதுன்னு கத்தினார். பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகப் பார்த்தாங்க. நாங்க அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். மாத்திரை, பி1 வைட்டமின் ஊசி எல்லாம் போட்டுத்தான் தேறினார். குடியை நிறுத்தின முதல் மூணு நாலு நாள் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் கூட்டத்துக்குப் போங்க. எங்க போறதுன்னு தெரியலைன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், தமிழ்ல பேசுவாங்க.

பெயர் வேண்டாம், மதுரை

திருச்சி நண்பர் சொன்னது முக்கியம். நான் முதல்லயே எழுதியிருக்கணும்.

பெண்கள் வரலாமான்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தார். தாராளமா வரலாம். எங்க குழுவுல ஒரு டீச்சர் அம்மா வர்றாங்க. ஆம்பளைங்க மத்தியில கூச்சமா இருந்தா ஆன்லைன் கூட்டத்துல கேமராவை அணைச்சுட்டுக் கேட்கலாம். குடிச்சிட்டு வந்தா உள்ள விடுவாங்களான்னும் கேட்டிருந்தார். எங்க குழுவுல விடுவாங்க, டீயும் கொடுப்பாங்க. அன்னைக்குப் பேச மட்டும் விட மாட்டாங்க.