புதுப்பிப்பு: பழைய கரண்டியின் முத்திரை தெரிந்துவிட்டது

காம்பில் முத்திரைகள் தேய்ந்த கரண்டி, வெள்ளியா முலாமா என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.

காந்தம் எதையும் சொல்லவில்லை. முலாமுக்கு அடியில் வழக்கமாக இருக்கும் நிக்கல் வெள்ளியும் (பெயரில்தான் வெள்ளி; உண்மையில் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) வெள்ளியைப் போலவே காந்தத்தில் ஒட்டாதே! பலித்தது மெழுகுவர்த்திக் கரி யோசனைதான்: முத்திரைமேல் லேசாகக் கரி பிடித்து, ஒட்டும் டேப்பால் எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டினேன். தெரிந்தவை இங்கிலாந்தின் வெள்ளி முத்திரைகள். நடக்கும் சிங்கம், அதாவது 92.5% வெள்ளி. கிரீடம் வைத்த சிறுத்தைத் தலை, லண்டனில் முத்திரையிட்டது. 1821-இல் அந்த முத்திரையிலிருந்து கிரீடம் போய்விட்டது. அரசர் தலை, வரி கட்டியதைக் காட்டும் முத்திரை, 1784-இல் தொடங்கியது. ஆக, கரண்டி இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட காலம். முத்திரையிட்ட ஆண்டைக் குறிக்கும் ஆண்டெழுத்து மட்டும் பிடிபடவே இல்லை.

எதிர்பாராதது: காம்பின்மேல் வாயால் ஊதியபோது, ஆவியில் ஒரு நீள்வட்டத் திட்டு தெரிந்தது. யாரோ பழைய பெயரெழுத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த இடம் தடவினாலே மெலிசாக இருக்கிறது. அதனால் கரண்டியை மெருகேற்றப் போவதில்லை.