வீட்டுக்குள் வந்தால் சிக்னல் போய்விடுகிறது, பூஸ்டர் வாங்கலாமா?

கீழ்த்தளவாசி:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் நன்றாகப் பேச முடிகிறது. உள்ளே வந்தால் ஒரு கோடு. நடு அறைக்குப் போனால் அதுவும் இல்லை. அப்பா அறுவை சிகிச்சை முடிந்து அந்த அறையில்தான் படுத்திருக்கிறார். மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்" என்று வருகிறதாம். எப்படியோ லைன் கிடைத்தாலும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவதுதான் அங்கே விட்டு விட்டுக் கேட்கிறது.

பூஸ்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். போன் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர்கூட இருக்கிறது. இவற்றில் எதை நம்பலாம்? பிராட்பேண்ட் இருக்கிறது, அந்த அறையில் வைஃபை நன்றாகவே எடுக்கிறது. எல்லா இடத்திலும் இந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம், அதனால் சிம் மாற்ற யோசனையாக இருக்கிறது.

மாடிப்படி:

வைஃபை எடுக்கிறது என்றால் வைஃபை காலிங் போட்டுவிடுங்கள், அழைப்பு டவருக்குப் பதில் வைஃபை வழியாகப் போகும். போன் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் இருக்கும். அதே நம்பர்தான், தனி ஆப் எதுவும் வேண்டாம். உங்கள் சிம் நிறுவனமும் போனும் அதை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலைவரிசை:

மாடிப்படி சொன்னதைச் செய்யுங்கள். பூஸ்டருக்கு இப்போது பணம் கொடுக்காதீர்கள். டவர் சிக்னலை ஊர் ஊராக அளக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் சிக்னல் எங்கே தொலைகிறது என்று அளந்து பாருங்கள்.

திரையில் தெரியும் கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் டிபிஎம் கணக்கில் (வந்து சேரும் சக்தியின் அளவு) தெரியும். ஐபோனில் \*3001#12345#\* டயல் செய்தால் சோதனைத் திரை வரும், அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், 4ஜி சிக்னலின் சக்தி அதுதான். எல்லாம் மைனஸில் இருக்கும். 4ஜியில் -80, -90 என்றால் கவலை இல்லை. -110ஐத் தாண்டினால் பேச்சு தடுமாறும். -120 பக்கம் போய்விட்டால் அழைப்பு நிற்பதே கஷ்டம். எண் 10 இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது என்று அர்த்தம்.

வாசலில் ஒரு முறை, அறையில் ஒரு முறை பாருங்கள். அறையில் போனைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். சுவரிலும் இரும்பு பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒரு புள்ளியில் கூடும், பக்கத்துப் புள்ளியில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 17 சென்டிமீட்டர்தான். கட்டில் தலைமாட்டில் அரைச் சாண் தள்ளி வைத்தாலே எண் மாறும்.

வாசலில் நன்றாக இருந்து உள்ளே படுத்துவிடுகிறது என்றால் தடுப்பது வீடுதான். கம்பி கட்டிய கான்கிரீட், தகரக் கூரை, வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி, இந்த மூன்றும் மோசமானவை. சாதாரணக் கண்ணாடியும் மரக்கதவும் அவ்வளவாகத் தடுக்காது. அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு உள்ளே நுழையும். 2300, 3500 எல்லாம் சுவரைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். 5ஜி பல இடங்களில் 3500இல்தான் வருகிறது, அதனால் போன் 5ஜியைப் பிடித்துக்கொண்டு தவிக்கிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள்.

நீங்கள் பேசுவதுதான் அங்கே கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கவனிப்பதில்லை. டவர் பத்து இருபது வாட், அதற்கும் மேலே என்று அனுப்புகிறது. போன் அனுப்புவது வழக்கமாக அதிகபட்சம் 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் சிக்னல் மெலியும்போது முதலில் அடிவாங்குவது நம் குரல்தான். அந்த அறையில் போன் சூடாகி, பேட்டரி மளமளவென்று இறங்கினால் அதற்கும் இதுவே காரணம். முழு சக்தியில் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். அதற்கு மின்சாரமும் கிடையாது, போனின் ஆண்டெனாவோடு இணைப்பும் கிடையாது. எதையும் பெருக்க அதற்கு வழியே இல்லை.

பூஸ்டர் உண்மையிலேயே வேலை செய்யும் கருவி. வெளியே ஓர் ஆண்டெனா, உள்ளே ஓர் ஆண்டெனா, நடுவில் பெருக்கி. ஆனால் இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவே போதிய தடுப்பு இல்லாவிட்டால், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கை நீட்டியதுபோல ஊளையிட ஆரம்பிக்கும். அந்த ஊளை டவரின் காதை அடைத்துவிடும். ஒரு பகுதி முழுக்க அழைப்பு கட்டாகிறது என்று புகார் வரும். கையில் ஆண்டெனாவோடு திசை பார்த்துத் தெருத் தெருவாகப் போனால், கடைசியில் ஏதோ ஒரு மொட்டைமாடியில் மலிவு விலைப் பூஸ்டர் இருக்கும். அந்த வட்டாரத்தில் யாராவது அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் பதறும். பல நாடுகளில் உரிமம் இல்லாமல் இதை வைப்பது குற்றம். அமெரிக்காவில் 2014 முதல், ஊளை வந்தால் தானே அடங்கிக்கொள்ளும்படி சான்று பெற்ற கருவிகளை மட்டுமே விற்க வேண்டும், வாங்கியவர் சிம் நிறுவனத்திடம் பதிந்த பிறகே இயக்க வேண்டும். பிரிட்டனில் 2018இல் குறிப்பிட்ட சில வகைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். உங்கள் நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு, சிம் நிறுவனம் மூலமாகவே போங்கள்.

கீழ்த்தளவாசி:

ரொம்ப நன்றி அலைவரிசை சார். வாசலில் -84. அப்பா அறையில் -117, ஜன்னல் இல்லாத மூலையில் -121. வைஃபை காலிங் போட்டுவிட்டேன், பேசும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் திரையின் மேலே வைஃபை காலிங் அடையாளம் வந்து வந்து மறைகிறது. மறைந்திருக்கும் நேரத்தில் கூப்பிட்டால் பழைய கதைதான்.

அலைவரிசை:

-84க்கும் -117க்கும் 33 டெசிபெல் வித்தியாசம். வாசலுக்கு வரும் சக்தியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் அறைக்குள் வருகிறது. போனை மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது, அந்தச் செலவு வேண்டாம்.

அடையாளம் மறைவதற்குக் காரணம், சாகக் கிடக்கும் டவர் சிக்னலைப் போன் விடாமல் பிடித்துக்கொள்வது. சில போன்களில் வைஃபை காலிங்குக்குள்ளேயே எதற்கு முன்னுரிமை என்று கேட்கும், அங்கே வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இல்லையென்றால், அப்பா பக்கத்தில் இருக்கும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். டவரைத் தேடுவதே நின்றுவிடும், அழைப்பு வைஃபை வழியாகவே வரும். அந்தப் போனை வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் மோடை எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் சரியாகாவிட்டால் ரவுட்டரைப் பாருங்கள். வைஃபை காலிங்குக்காகப் போன் ஒரு மறையாக்கப் பாதை திறக்கும். அது யுடிபி 500, 4500 என்ற போர்ட்கள் (இணையத் தகவல் போய்வரும் வாசல் எண்கள்) வழியாகப் போகிறது. ரவுட்டரின் ஃபயர்வால் என்ற பாதுகாப்புத் தடுப்பு அவற்றை அடைத்திருக்கலாம், போனில் விபிஎன் (இணையத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் ஆப்) ஓடினாலும் இடிக்கும். பேட்டரி சேமிப்பு மோடையும் எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம் வைத்துவிடுங்கள். அப்புறம், வைஃபை வழியாக அவசர எண்ணுக்குப் பேசினால் உங்கள் இருப்பிடம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம். எடுத்தவுடன் முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

நிலாமுற்றம்:

பிராட்பேண்டே இல்லாத வீட்டில் என்ன செய்வது அண்ணா? எங்களுக்கும் இதே கதைதான்.

அலைவரிசை:

சிம் போடும் ரவுட்டர் ஒன்று வாங்கி, அளந்து பார்த்ததில் எண் நன்றாக வந்த ஜன்னலில் அல்லது மேல்மாடியில் வையுங்கள். அங்கிருந்து வைஃபை எட்டாவிட்டால், ஆண்டெனாவை மேலே வைத்து நீளக் கேபிள் இழுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். மெல்லிய ஆண்டெனா கேபிள் பத்து மீட்டரில் பாதிக்கு மேல் சிக்னலைத் தின்றுவிடும். ரவுட்டரையே மேலே வைத்துவிட்டு லான் கேபிளைக் கீழே இறக்குங்கள், அது 100 மீட்டர் வரை தாங்கும். கீழே அதன் முனையில் ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்டை (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டினால் வைஃபை காலிங் அப்படியே நடக்கும்.

இதற்கும் செலவழிக்க முடியாத நிலை என்றால் போனை அந்த ஜன்னலிலேயே வைத்துவிட்டு, ப்ளூடூத் ஹெட்செட்டில் பேசுங்கள். நடுவில் கனமான சுவர் இல்லாவிட்டால் பக்கத்து அறை வரை எட்டும். வாசலில் எடுத்த எண், உள்ளே எடுத்த எண், எந்த நேரம் என்று எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு சிம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். "சிக்னல் இல்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வர நாளாகும். வீட்டுக்குள் வைக்கும் குட்டி டவரான ஃபெம்டோசெல் தருகிறார்களா என்றும் கேளுங்கள், ஆனால் அதற்கும் இணைய இணைப்பு வேண்டும்.