அம்பாசிடர் மார்க் 2 கதவுக் கீல்: எந்த ஸ்க்ரூ போடறது?

கோவை_மார்க்2:
வணக்கம்ங்க. 1972 மார்க் 2, டிங்கரிங் முடிஞ்சு பிரைமர்ல நிக்குது. அடுத்து கதவு மாட்டணும். கீல்ல இருந்த பழைய ஸ்க்ரூ எல்லாம் கவுன்டர்சங்க் தலை (குழிக்குள்ள சமமா உட்கார்ற சரிவுத் தலை). பாதி தலை மழுங்கி, ட்ரில் போட்டுத்தான் வெளிய வந்துச்சு. உருப்படியா வந்த ஒண்ணை வெர்னியர்ல வெச்சா 7.8 மி.மீ. காட்டுது. எம்8 (8 மி.மீ. மெட்ரிக் ஸ்க்ரூ) வாங்கிப் போட்டா ரெண்டு சுத்து போய் இறுகிடுது. ஹார்டுவேர் கடைல இரண்டரை நூல் கேட்டு வாங்கினதும் ஏறல. எம்8 டேப் (ஓட்டைக்குள்ள மறை, அதாவது புரி, வெட்டற கருவி) ஓட்டி எல்லாத்தையும் மாத்திடலாம்னு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா? துருப்பிடிக்காம இருக்க ஸ்டெயின்லெஸ் போடலாமா?

லேத்_பட்டறை:
தம்பி, டேப்பை முதல்ல கீழ வைங்க. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழி வந்த வண்டி, மில்லிமீட்டர் மறை கிடையாது. உங்க அளவைப் பாத்தா 5/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல மறை) மாதிரி தெரியுது. அது 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மறை. அதாவது மறைக்கு மறை 1.06 மி.மீ. எம்8-ல அந்த இடைவெளி 1.25. தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால உள்ள போற மாதிரி போய் மாட்டிக்கும். ஸ்பேனர் போட்டு இழுத்தா ரெண்டும் பாழ்.

இரண்டரை நூலும் 5/16 தான் (ஒரு நூல் 1/8 அங்குலம்). ஆனா நம்ம ஊர்க் கடைல அப்படிக் கேட்டா பெரும்பாலும் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) மறை எடுத்துத் தருவாங்க, 18 மறை. "5/16 யுஎன்எஃப், 24 மறை, கவுன்டர்சங்க்"னு எழுதிக் குடுங்க. வாங்கறதுக்கு முன்னாடி பழைய ஸ்க்ரூ மேல மறை கேஜ் (மறையோட இடைவெளி பாக்கற பல் தகடு) வெச்சுப் பாத்துடுங்க. கீல் மாட்டற தூண்ல இருக்கற ஓட்டைக்கு 5/16 யுஎன்எஃப் டேப்பைக் கையாலயே, எண்ணெய் விட்டு ஓட்டுங்க. பிரைமரும் துருவும் வந்துடும். தூணுக்குள்ள கூட்டுல இருக்கற மறைத் தகடு ஆடுதேன்னு வெல்டு வெச்சிடாதீங்க, கதவை நகர்த்தி உட்கார வைக்கத்தான் அந்த ஆட்டம்.

ஜிபிரோடு_கஸ்டமர்:
ஸ்டெயின்லெஸ் பத்தி: கடைல சாதாரணமா வர்றது ஏ2-70. அது 450 மெகாபாஸ்கல் இழுவிசைலயே நீள ஆரம்பிச்சிடும், 8.8 கிரேடு ஸ்டீல் 640 வரை தாங்கும். அங்குல போல்ட்ல 8.8-க்குச் சமமா எஸ்ஏஇ (அமெரிக்கத் தர அளவு) கிரேடு 5 கேளுங்க. ஹெக்ஸ் தலைன்னா மேல மூணு கோடு இருக்கும். கவுன்டர்சங்க்ல கோடு இருக்காது, நம்பிக்கையான கடைல வாங்கறதுதான் வழி. கதவோட மொத்த எடையும் தொங்கற இடத்துல பளபளப்பு எதுக்கு? டிக்கி மூடிக்கு வேணா ஸ்டெயின்லெஸ் போட்டுக்கோங்க.

யாரும் கவனிக்காத ஒண்ணு, தலையோட சரிவு. அமெரிக்க அளவு அங்குல ஸ்க்ரூன்னா 82 டிகிரி, மில்லிமீட்டர்ல 90. கீல்ல இருக்கற குழி 90-ஆ இருந்து 82 தலை போட்டா, கழுத்துல மட்டும்தான் உட்காரும். நாலு தடவை கதவை அடிச்சுச் சாத்தினா லூசாயிடும். தலைக்கு அடியில மார்க்கர் பூசி, முறுக்கிக் கழட்டிப் பாருங்க. சுத்திலும் மை அழிஞ்சிருந்தா சரி.

லேத்_பட்டறை:
அந்த 82, 90 விஷயம் நல்லா சொன்னீங்க சார். இன்னொண்ணு தம்பி, கதவு தொங்கினா அதுக்கு ஸ்க்ரூதான் காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க. கதவைத் திறந்து பின்முனையைத் தூக்கிப் பாருங்க. கீல் தூணை விட்டு அசையாம, கீலோட நடு ஊசியான பின்னுக்கிட்ட மட்டும் ஆட்டம் இருந்தா அந்தப் பின் தேஞ்சிருக்கு. ஓட்டையை ரீமரால கொஞ்சம் பெருசாக்கி, லேத்துல கொஞ்சம் தடியா பின் கடைஞ்சு போடணும்.

கோவை_மார்க்2:
ரொம்ப நன்றிங்ணா. கேஜ் வெச்சேன், 24 கச்சிதமா உட்காருது. டிரைவர் கதவோட மேல் கீல்ல மட்டும் ரெண்டு ஓட்டைல முன்னாடியே யாரோ எம்8 டேப் ஓட்டியிருக்காங்க. யுஎன்எஃப் ஸ்க்ரூ லொடலொடங்குது. அதுக்கு என்ன பண்றது?

லேத்_பட்டறை:
தகடு 8 மி.மீ. தடிமன் இருந்தா 5/16 யுஎன்எஃப் ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள புது மறை தர்ற கம்பிச் சுருள்) போடலாம். மெலிசா இருந்தா வேண்டாம். கூட்டோட மடிப்பை நிமிர்த்தி தகட்டை வெளிய எடுத்து, அதே அளவுல புதுசு போட்டு மறை வெட்டிக்கோங்க. என் ஓட்டு புதுத் தகட்டுக்குத்தான்.

ஜிபிரோடு_கஸ்டமர்:
பெயிண்டுக்கு முன்னாடி ஒருமுறை எல்லாக் கதவையும் மாட்டிப் பாத்துடுங்க ப்ரோ. பின்கதவு முதல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கற பாடி நகராது. அப்புறம் முன்கதவு, கடைசியா ஃபெண்டர். இடைவெளி சரியான பிறகு, ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டி லாக்டைட் 243 (மறை லூசாகாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு வெச்சு இறுக்குங்க. கிரீஸ் பின்னுக்கு மட்டும், மறைல வேண்டாம்.