மறுமொழி: துருவ ஒளிக்கான கைப்பேசி அறிவிப்பு – எந்தச் சொல்?

> 'அரோரா அலர்ட்' என்பதைத் 'துருவ ஒளி எச்சரிக்கை' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா,

'எச்சரிக்கை'யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கை கேட்டால் ஒதுங்குவோம்; துருவ ஒளி (துருவங்களை ஒட்டிய வானில் தோன்றும் வண்ண ஒளி) அறிவிப்பு கேட்டால் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள். அந்த ஒளியை எழுப்பும் அதே சூரியப் புயலிலிருந்து மின்கட்டமைப்பைக் காப்பவர்களுக்கு அச்சொல் பொருந்தும், அவர்களுக்கு இருக்கட்டும்.

பெரிய சிக்கல் வேறு. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவின் விண்வெளி வானிலை மையம் மூன்று வகை அறிவிப்புகளை வெளியிடுகிறது. சூரியனிலிருந்து பிளாஸ்மா முகில் (மின்னேற்றத் துகள்களின் திரள்) கிளம்பியதைக் கண்டு, ஓரிரு நாள் முன்னதாகச் சொல்வது 'வாட்ச்'. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள விண்கலத்தை முகில் எட்டியதும் வருவது பெரும்பாலும் 'வார்னிங்'. அதன்பின் ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பது அரிது. பூமியின் காந்தப்புலத்தில் எழும் கொந்தளிப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்ட பிறகு வருவதுதான் 'அலர்ட்'.

2024 மே 9 அன்று அம்மையம் ஜி4 'வாட்ச்' விடுத்தது (புவிக்காந்தப் புயல்களை ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிக்கிறார்கள்; ஜி5 உச்சம்). மறுநாள் புயல் ஜி5 அளவை எட்டி, லடாக்கின் ஹன்லேயில்கூட வானம் சிவந்தது. மூன்றுக்கும் 'எச்சரிக்கை' என்றே எழுதினால், 9ஆம் தேதி இரவே மலையேறி நின்றவர் ஏமாந்து திரும்பியிருப்பார்.

மழைச் செய்தியிலிருந்தும் சொல்லை எடுக்க முடியாது. நம் வானிலைத் துறையில் மஞ்சள் 'வாட்ச்', ஆரஞ்சு 'அலர்ட்', சிவப்பு 'வார்னிங்', வரிசையே வேறு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அரோராவாட்ச் யூகே' இன்னும் குழப்பும். பெயரில் 'வாட்ச்' இருந்தாலும், பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானிகள் அந்நேரத்தில் பதியும் மாற்றத்தை வைத்தே அது மஞ்சள், அம்பர், சிவப்பு என்று நிறம் காட்டுகிறது. ஆகவே ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு, அறிவிப்பு எந்த நிலையில் வருகிறது என்பதைப் பார்த்தே பெயரிட வேண்டும்.

என் பரிந்துரை: முதலாவது எதிர்பார்ப்பு அறிவிப்பு, இரண்டாவது வருகை அறிவிப்பு, மூன்றாவது நிகழ் அறிவிப்பு. அரோராவாட்ச் தருவதும் நிகழ் அறிவிப்பே. 'முன்னறிவிப்பு' வேண்டாம், அது அன்றாட வானிலைக் கணிப்புக்கு நிலைத்துவிட்டது.

'வருகை'யில் ஒரு குறை உண்டு. முகில் வந்தாலும் அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பாவிட்டால் ஒளி பெரிதாக எழாது. படிப்பவரோ ஒளியே வருகிறது என்று எண்ணக்கூடும். இதைவிடப் பொருத்தமான சொல்லை யாரேனும் தந்தால் மாற்றிக்கொள்ளலாம். 'நிகழ் அறிவிப்பு' மட்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.