கென்ட்டில் தைத்தாங்ஜே: இதை இங்கிலாந்து ஒயின் என்று சொல்லலாமா?

வெள்ளைப்பாறை:
கேன்டர்பரிக்குப் பக்கத்தில் சில்லம் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆப்பிள் தோட்டமாக இருந்த நிலத்தை 2015-ல் பிரான்ஸின் தைத்தாங்ஜே ஷாம்பெயின் நிறுவனம் வாங்கியது. 2017-ல் கொடி நட்டார்கள், 2024 செப்டம்பரில் ஆலையைத் திறந்தார்கள், 2025 மார்ச்சில் முதல் பாட்டில் விற்பனைக்கு வந்தது. பெயர் டொமைன் எவ்ரமாண்ட். வந்தபோது விலை 50 பவுண்டை ஒட்டி.

எல்லோரும் கைதட்டுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. "இந்தக் குளிரில் திராட்சையா?" என்று ஊரே கேட்ட காலத்தில் நிலத்தை அடமானம் வைத்துக் கொடி நட்டவர்கள் உண்டு. அவர்கள் பெயர் வாங்கிக் கொடுத்த பிறகு பெரிய இடத்துக்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். லாபம் அவர்களுடைய ரீம்ஸ் நகரத்துக்குப் போகும். இதை எப்படி இங்கிலாந்து ஒயின் என்று கொண்டாடுவது?

மாலதி:
பழம் விளைந்தது கென்ட்டில். பிழிந்ததும் நொதித்ததும் கென்ட்டில். அப்புறம் வேறு எந்த நாட்டு ஒயின் என்று சொல்வீர்கள்?

முதலாளியின் ஊரைப் பார்த்துத்தான் ஒயினுக்கு ஊர் சொல்ல வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பேர்பெற்ற ஒயின் நிறுவனமான நைடிம்பரையே தள்ளி வைக்க வேண்டியிருக்கும். 1988-ல் சசெக்ஸில் சார்டொனே, பினோ நுவார், மூனியே என்ற மூன்று ஷாம்பெயின் திராட்சை வகைகளையும் நட்டது சிகாகோவிலிருந்து வந்த மாஸ் தம்பதி. ஆப்பிள் வையுங்கள் என்று ஆலோசனை சொன்னவர்கள் பேச்சைக் கேட்காமல் நட்டார்கள். இன்றைய உரிமையாளர் எரிக் ஹீரெமா நெதர்லாந்துக்காரர். ஒயின் செய்யும் செரி ஸ்பிரிக்ஸ் கனடாக்காரர். 2018-ல் இன்டர்நேஷனல் ஒயின் சாலஞ்ச் போட்டியில் சிறந்த ஸ்பார்க்ளிங் (நுரைக்கும்) ஒயின் தயாரிப்பாளர் விருது வாங்கினார். ஷாம்பெயின் பகுதிக்கு வெளியே அந்த விருது போனது அதுதான் முதல் தடவை, ஒரு பெண்ணுக்குப் போனதும் அதுதான் முதல் தடவை. நைடிம்பரை இங்கிலாந்து ஒயின் இல்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் அல்லவா?

நுரைப்பிரியன்:
ஒரு வரலாற்றுத் தகவல். 1662-ல் கிறிஸ்டோபர் மெரட் லண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில், சர்க்கரை சேர்த்து ஒயினைப் பொங்க வைக்கும் முறை இருக்கிறது. ஷாம்பெயினைக் கண்டுபிடித்ததாகக் கதை சொல்லப்படும் துறவி தோம் பெரிஞ்யோன் மடத்துக்கு வந்ததே 1668-ல்தான். ஆக நுரை இங்கிலாந்தின் சொத்து. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வருவது தாய்வீட்டுக்கு வருவது போலத்தான்.

கணக்குப்பிள்ளை:
நண்பரே, பாதிதான் சொன்னீர்கள். மெரட் எழுதியது லண்டன் வியாபாரிகள் வாங்கி வைத்திருந்த ஒயினில் சர்க்கரை போட்டதைப் பற்றி. இங்கே விளைந்த திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கிலாந்தின் உண்மையான பங்கு கண்ணாடி. நிலக்கரி உலையில் செய்த தடித்த பாட்டில்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கியது. ஒரு ஷாம்பெயின் பாட்டிலுக்குள் சுமார் 6 அட்மாஸ்பியர் அழுத்தம். கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நாம் பேச வேண்டியது பணத்தைப் பற்றி. 2015-ல் நிலம், 2025-ல் முதல் விற்பனை. பத்து வருடம் வெறும் செலவு. முதல் பாட்டில் 2020 அறுவடையை அடிப்படையாகக் கொண்டது. அதாவது பழம் பறித்த பிறகும் நாலு வருடத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறார்கள். பாட்டிலுக்குள் இரண்டாவது நொதித்தல் முடிந்து, அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு அது படுத்தே கிடந்தால்தான் ரொட்டி சுட்ட மணம் ஏறும். அந்தக் காத்திருப்பை யாரால் தாங்க முடியும்? கடன் வாங்கியவரால் முடியாது. மூன்றாம் வருடமே பாட்டிலை வெளியே எடுத்து விற்றாக வேண்டும். புளிப்பில் பல் கூசும்போது "இங்கிலாந்து ஒயினே இப்படித்தான்" என்று பெயர் கெடும். பணமும் பொறுமையும் உள்ளவர்கள் வருவது நல்லது என்பேன்.

தோட்டக்காரி:
நான் ஒயின் நிபுணர் இல்லை. ஆனால் கென்ட்டில் என் தோழியின் சின்னத் தோட்டத்தில் பல வருடமாக உதவிக்குப் போகிறேன்.

2017 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி. உறைபனியிலிருந்து துளிரைக் காக்க, பெயின்ட் டப்பா அளவு மெழுகு வாளிகளை வரிசைக்கு வரிசை வைத்து, விடியற்காலை மூன்று மணிக்குப் பற்ற வைத்தோம். மேட்டில் இருந்த கொடிகள் தப்பின. பள்ளத்தில் குளிர் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது, மெழுகும் போதவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் விரல் நீளம் வந்திருந்த துளிர் எல்லாம் வெந்த கீரை போலத் துவண்டு தொங்கியது. தொட்டால் கையோடு வந்தது. தோழி ஒன்றும் பேசாமல் அந்த வரிசை முழுக்க நடந்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த மாதமே சில்லத்தில் தைத்தாங்ஜே முதல் கொடியை நட்டது. அதைப் பத்திரிகையில் பார்த்தபோது வயிறு எரிந்தது என்று சொல்ல மாட்டேன், ஏதோ நம்பிக்கையாகத்தான் இருந்தது. பெரியவர்களே இந்த மண்ணை நம்புகிறார்களே என்று.

ஆனால் 2023-ஐயும் சொல்லியாக வேண்டும். நாடு முழுக்க இதுவரை இல்லாத விளைச்சல். வருடா வருடம் எங்கள் பழத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஒயின் நிறுவனம் "இந்த முறை வேண்டாம்" என்று அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னால் சொன்னது. மூனியே குலைகள் கொடியிலேயே நின்றன, குருவிகள் கொத்தித் தின்றன. பழம் அதிகமாகிற காலத்தில் முதலில் அடி வாங்குவது சின்னவர்கள்தான். வெள்ளைப்பாறை சொல்வதில் இந்த உண்மை இருக்கிறது.

மாலதி:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தவறு உங்கள் பழத்தை வாங்கியவரது. சொந்த நிலத்தில் சொந்தக் கொடி நட்டவர்களை அதற்காக எப்படிக் குறை சொல்வது? வாங்கும் கைகள் கூடினால்தான் பழத்துக்கு விலை வரும். 2023-ல் இங்கிலாந்து முழுக்கத் திராட்சைத் தோட்டம் 4,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. ஷாம்பெயினில் 34,000 இருக்கிறது. வெளிநாட்டு உணவகத்தில் இந்த ஒயினை வாங்கச் சொன்னால் யோசிக்கிறார்கள். தைத்தாங்ஜே பெயர் இருந்தால் ஒரு கிளாஸ் ஊற்றிப் பார்ப்பார்கள். அந்தக் கதவு மற்றவர்களுக்கும்தான் திறக்கிறது.

வெள்ளைப்பாறை:
கதவு திறக்கும், உள்ளே போகிறவர் யார் என்பதுதான் கேள்வி. ஹாம்ப்ஷயரில் இன்னொரு ஷாம்பெயின் நிறுவனமான பொம்மெரி ஏற்கெனவே இருக்கிறது, இப்போது தைத்தாங்ஜே. வெப்பம் கூடக் கூட இன்னும் வருவார்கள். ரீம்ஸில் இருக்கும் அதே சுண்ணாம்புப் பாறை கடலுக்கு அடியில் ஓடி இங்கே தலை தூக்குகிறது. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மாலதி, நைடிம்பர் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. முதலாளியின் ஊரை வைத்துப் பேசியது என் தவறு. அதை விட்டுவிடுகிறேன். ஆனால் அதே நைடிம்பர் 2012-ல் பழம் தரமில்லை என்று மொத்த அறுவடையையும் ஒயினாக்காமல் விட்டது. அப்படி ஒரு வருடத்தை விட்டுக்கொடுக்கத் தோட்டக்காரியின் தோழியால் முடியுமா? முடியாதவர்கள் நிலத்தை விற்பார்கள். யாருக்கு விற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். என் பயம் அதுதான்.

கணக்குப்பிள்ளை:
நியாயமான பயம். ஆனால் நிலம் கைமாறுவதற்குக் காரணம் வருமானம் போதாதது. சராசரி வருடத்தில் ஹெக்டேருக்கு ஷாம்பெயினில் கிடைப்பதில் பாதியளவு பழம் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் பாட்டில் விலை இறங்க மறுக்கிறது. சின்னவர்கள் தோட்டத்திலேயே நேராக விற்றால் கடைக்காரர் பங்கு மிச்சமாகும். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் போய் தைத்தாங்ஜேயோடு மோத வேண்டாம்.

வெள்ளைப்பாறை:
அப்படியானால் அந்த 50 பவுண்டை நான் சில்லத்தில் கொடுக்கப் போவதில்லை. தோட்டக்காரி, உங்கள் தோழி நேரடியாக விற்கிறாரா?

தோட்டக்காரி:
விற்கிறாள். சனிக்கிழமை மட்டும், பதினொன்றிலிருந்து நாலு வரை. 2020 பாட்டில் இன்னும் ஏழெட்டுப் பெட்டி இருக்கிறது. தனிமடலில் வழி அனுப்புகிறேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், வரிசைக்கு நடுவில் முழுக்கச் சேறு.