மூன்றாம் ரிச்சர்டின் சரிவு எந்தக் காட்சியில் தொடங்குகிறது?

கேள்வி:
ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தைக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். பாஸ்வொர்த் போர்க்களத்தில், ஒரு குதிரைக்கு ஈடாக அரசையே தருவதாக ரிச்சர்ட் கதறும் இடத்தைத்தான் மாணவர்கள் அவனுடைய வீழ்ச்சியாகக் கொள்கிறார்கள். மூன்று அங்கங்கள் முழுவதும் எடுத்த சூழ்ச்சியிலெல்லாம் வென்றவன் ஒரே பகலில் வீழ்ந்தான் என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. நீங்கள் எந்த இடத்தைச் சொல்வீர்கள்?

மறுமொழி 1:
நான்காம் அங்கம், இரண்டாம் காட்சி. முடிசூடி அரியணையில் அமர்ந்ததுமே, லண்டன் கோபுரக் கோட்டையில் அடைபட்டிருக்கும் அண்ணன் மகன்களான இளவரசர்கள் இருவரும் சாக வேண்டும் என்கிறான். அதுவரை அவன் குறிப்பறிந்து எல்லாவற்றையும் செய்து வந்த பக்கிங்ஹாம், சற்று யோசிக்க அவகாசம் கேட்கிறான். திரும்பி வந்து, தனக்கு வாக்களித்த ஹியர்ஃபோர்டு பட்டத்தைக் கேட்டபோது, இன்று கொடுக்கும் மனநிலையில் இல்லை என்று கைவிரித்து விடுகிறான் அரசன். ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்த அந்த நொடியிலேயே அவன் தனியனாகி விட்டான்.

மறுமொழி 2:
முன்னவர் சொன்னது சரியே. ஆயினும், அதே அங்கத்தின் நான்காம் காட்சியை விட்டுவிடாதீர்கள். ரிச்சர்ட் தன் ஆளான கேட்ஸ்பியை, தன் பக்கமுள்ள நார்ஃபோக் பிரபுவிடம் விரையச் சொல்கிறான்; கேட்ஸ்பி அசையாமல் நிற்பதைக் கண்டு சீறுகிறான்; என்ன சொல்ல வேண்டும் என்று தான் இன்னும் கூறவே இல்லை என்பது கேட்ஸ்பி கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. அடுத்தடுத்துக் கெட்ட செய்திகள் வர, மூன்றாவது தூதன் வாய் திறந்ததுமே அடித்து விடுகிறான். அந்தத் தூதனோ, இப்போது அவனையே எதிர்த்துக் கிளம்பிவிட்ட பக்கிங்ஹாமின் படை வெள்ளத்தில் சிதறியது என்ற நல்ல செய்தியைக் கொண்டு வந்தவன்!

மறுமொழி 3:
நான் இரண்டு ஆணைகளை அருகருகே வைத்துப் பார்ப்பேன். மூன்றாம் அங்கத்தில், தன் திட்டத்துக்கு இணங்காத ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் தலையைக் காணும் வரை உணவருந்த மாட்டேன் என்கிறான். தலை வந்து சேர்கிறது. ஐந்தாம் அங்கத்தில், பாஸ்வொர்த் களத்தில் ஸ்டான்லி பிரபு படையுடன் வர மறுத்ததும், பிணையாக வைத்திருக்கும் அவன் மகன் ஜார்ஜின் தலையை வெட்டச் சொல்கிறான். பகைவர் சதுப்பு நிலத்தைக் கடந்து விட்டனர், போருக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நார்ஃபோக். ஜார்ஜ் உயிர் பிழைக்கிறான். சொன்ன மாத்திரத்தில் தலை உருண்ட காலம் அங்கே முடிந்து போகிறது. 1485 ஆகஸ்ட் 22 அன்று உண்மையிலேயே நடந்த போரிலும் ஸ்டான்லி குடும்பத்தின் படைதான் முடிவைத் தீர்மானித்தது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இவற்றுடன், போருக்கு முந்தைய இரவில், அவனால் மாண்டோரின் ஆவிகள் வந்து சபித்துச் சென்றபின் அவன் விழித்தெழும் இடத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நாடகத்தின் தொடக்கத்தில் தன் திட்டங்களை நம்மிடமே அந்தரங்கமாகச் சொல்லி, நம்மையும் கூட்டாளிகளாக்கிக் கொண்டவன், இப்போது நம் பக்கம் திரும்பாமல் தன்னிடமே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்கிறான். தன்னை நேசிக்கும் உயிர் ஒன்றுகூட இல்லை என்று அப்போதுதான் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறான்.